டேப்பை எடு தம்பி, துப்பாக்கி அப்புறம் பார்க்கலாம்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து, பின்ஹாலில் சாப்பாட்டுக்கு வரிசை நின்றுகொண்டிருந்தது. தட்டோடு ஒரு தம்பி என் பக்கத்தில் வந்து நின்றார். பாளையங்கோட்டைக்காரர். கிரீன் கார்டு வந்து ஆறு மாதம் ஆகிறது. சபைப் பாதுகாப்புக் குழுவில் இந்த வருடம்தான் சேர்ந்தார்.

"அண்ணே, கிளாக் வாங்கவா, சிக் வாங்கவா? ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க."

"சாப்பிட்டு முடி. என் கார்ல அளக்கிற டேப் கிடக்கு, எடுத்துட்டு வா."

எல்லாரும் கிளம்பிய பிறகு நாங்கள் இருவரும் ஆலயத்தை அளந்தோம். நான் வழக்கமாக நிற்கும் பின்வாசலிலிருந்து பிரசங்க பீடம் வரை 26 கெஜம். பின்வாசலிலிருந்து நடு வரிசைக்கு 14. ஒரு பக்கச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு 18. ஞாயிறு பள்ளி வகுப்புகளுக்குப் போகும் நடைகூடம் 21. நான்கு எண்களையும் ஒரு காணிக்கைக் கவரின் பின்பக்கத்தில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். "நீ வாங்கப்போற துப்பாக்கி இதுதான். பேரு மட்டும்தான் இன்னும் தெரியல" என்றேன்.

அவரிடம் அன்று சாயங்காலம் வரை பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாங்கள் இருப்பது டெக்ஸஸ், டாலஸ் புறநகர். ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஆலயத்தில் துப்பாக்கி என்பதே நெஞ்சில் இடிக்கும். எனக்கும் இடித்தது. நாசரேத் பக்கம் எங்கள் கோயிலைக் காத்தவர் கோயில்குட்டியார். அவர் கையில் இருந்தது சாவிக்கொத்தும் மணிக்கயிறும். அந்த நினைவோடு வளர்ந்த நான், இடுப்பில் பிஸ்டலோடு பின்வரிசையில் நிற்க ஒத்துக்கொள்ள இரண்டு வருடம் ஆனது.

ஒத்துக்கொள்ள வைத்தது இந்த மாநிலத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள். 2017 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை, சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சின்னஞ்சிறு ஊரின் பாப்டிஸ்ட் சபையில் ஒருவன் புகுந்து சுட்டான். இறந்தவர்கள் 26 பேர், பிறக்காத ஒரு குழந்தையையும் சேர்த்து. உள்ளே அவனை எதிர்க்க யாரும் இல்லை. சத்தம் கேட்டு வெறுங்காலோடு ஓடிவந்த ஸ்டீபன் வில்லிஃபோர்டு என்ற அக்கம்பக்கத்துக்காரர்தான் தன் ரைஃபிளால் அவனைச் சுட்டு விரட்டினார். இரண்டாவது, 2019 டிசம்பர் 29. ஃபோர்ட் வொர்த்தை ஒட்டிய வைட் செட்டில்மென்ட், வெஸ்ட் ஃப்ரீவே சபை. திருவிருந்து நேரம். போலித் தாடியும் விக்கும் நீண்ட மேலங்கியுமாக வந்திருந்த ஒருவன் எழுந்து, மேலங்கிக்குள்ளிருந்து ஷாட்கன்னை எடுத்தான். பாதுகாப்புக் குழுவில் இருந்த ரிச்சர்ட் வைட் எழுந்து தன் துப்பாக்கிக்குக் கை கொண்டுபோனார், அவரைச் சுட்டான். டீக்கன் ஆன்டன் வாலஸைச் சுட்டான். இருவரும் இறந்தார்கள். அடுத்த நொடி, குழுவின் தலைவர் ஜாக் வில்சன் சுட்ட ஒரே தோட்டாவில் அவன் விழுந்தான். எல்லாம் சேர்த்து ஆறு நொடி. ஆராதனையை நேரலையில் ஒளிபரப்பிக்கொண்டிருந்ததால் அந்த ஆறு நொடியும் பதிவாகிவிட்டது.

அந்தப் பதிவை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். இனிப் பார்க்க மாட்டேன். ஆனால் அதிலிருந்து குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் கற்க வேண்டியது ஒன்று உண்டு. வில்சனுக்கும் அவனுக்கும் இடையே சுமார் 15 கெஜம். நடுவே மக்கள். சிலர் குனிகிறார்கள், சிலர் எழுந்து ஓடுகிறார்கள். இருக்கைகளில் ஆட்கள் முழுதாகக் குனியாததால் தலை மட்டுமே தெளிவாகத் தெரிந்தது என்று வில்சன் பிறகு சொன்னார். அவருக்கு அப்போது 71 வயது. ரிசர்வ் ஷெரிஃப் துணை அதிகாரியாக இருந்தவர், சொந்தமாகச் சுடுதளம் வைத்து மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். மறுமாதம் ஆளுநர் அவருக்கு வீரப் பதக்கம் கொடுத்தார். பத்திரிகைகள் அந்த ஒரு தோட்டாவைப் பற்றியே எழுதின. அதற்கு முன் அவர் சுட்டுப் பழகிய பல்லாயிரம் தோட்டாக்களைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

கடைக்காரர்கள் சொல்லும் கணக்கு வேறு. தற்காப்பு என்றால் மூன்று கெஜம், ஐந்து கெஜம், கார் நிறுத்துமிடத்தில் வழிப்பறி. அந்தக் கணக்குக்குத்தான் சட்டைப்பைக்குள் அடங்கும் பிஸ்டல்கள் செய்யப்படுகின்றன. டெக்ஸஸ் துப்பாக்கி உரிமத் தேர்விலும் 50 தோட்டாவில் 40 தோட்டா மூன்று கெஜத்திலும் ஏழு கெஜத்திலும் சுடுவதுதான். 15 கெஜத்தில் பத்தே பத்து. 250-க்கு 175 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. அந்தப் பத்தையும் தவறவிட்டவர்கூடத் தேறிவிடலாம். ஆலயத்தில் அந்தப் பத்துதான் முழுத் தேர்வு.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பிஸ்டலின் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே நடுத்தர அளவுத் துப்பாக்கியில் சுமார் 150 மில்லிமீட்டர் இருக்கும். சுடும் நொடியில் முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் ஐந்து கெஜத்தில் தோட்டா மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போகும். அது பெரிய விஷயமில்லை. 15 கெஜத்தில் அதே ஒரு மில்லிமீட்டர் ஒன்பது சென்டிமீட்டர் ஆகிவிடும். 25 கெஜத்தில் 15 சென்டிமீட்டர். மனிதத் தலையின் அகலமே ஏறக்குறைய 15 சென்டிமீட்டர்தான். நடுவில் குறிவைத்தவனின் தோட்டா ஒன்பது சென்டிமீட்டர் விலகினால் பின்வரிசையில் இருக்கும் அக்காவையோ, பாடகர் குழுவில் நிற்கும் பிள்ளையையோ தேடிப் போகும். துப்பாக்கி சிறியதாக ஆக இந்த விலகல் கூடும். அதோடு, எடை குறைந்தால் உதை கூடும், பிடி குட்டையானால் சுண்டுவிரல் காற்றில் தொங்கும், முதல் தோட்டாவுக்குப் பிறகு குறி திரும்பி வர நேரம் பிடிக்கும்.

அதனால்தான் தம்பியிடம் மிகச் சின்னத் துப்பாக்கி வேண்டாம் என்றேன். சிக் பி365 நல்ல துப்பாக்கி. 2018-ல் வந்தபோது அந்த அளவில் பத்துத் தோட்டா கொள்ளும் என்பதே பெரிய செய்தி. ஆனால் அதன் குழல் 3.1 அங்குலம், எடை சுமார் 500 கிராம். தினசரி வேலைக்குப் போகும்போது வைத்துக்கொள்ள எனக்கும் அது பிடிக்கும். ஆலயத்துக்கு அதன் நீண்ட பிடி, நீண்ட குழல் கொண்ட அண்ணன் தம்பிகளைப் பார்க்கலாம். கிளாக் 19 குழல் நான்கு அங்குலம், தோட்டா 15, வெறும் எடை 670 கிராம் அளவில். நிரப்பினால் 850 வரும். ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி 2.0 காம்பாக்ட்டும் இதே அளவுதான். இந்த அளவுக்குக் கீழே இறங்க எனக்கு மனமில்லை. சட்டைக்குள் மறைக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், மெனக்கெடலாம். டெக்ஸஸ் வெயிலில் கோட்டுப் போட முடியாது என்பார்கள். ஆலயத்துக்குள் ஏசி ஓடுகிறது, தளர்வான சட்டையை வெளியே விட்டுக்கொண்டால் போதும்.

எங்கள் சபையின் மூத்த அண்ணாச்சி ஒருவர் ஐந்து தோட்டா ரிவால்வர்தான் வேண்டும் என்றார். சிக்காது, அடைக்காது, பழகியது என்று காரணம் சொன்னார். சொன்னது உண்மைதான். நானும் மறுக்கவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு சுடும் ரேஞ்சுக்குப் போய் 15 கெஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டம் வைத்தோம். ஐந்தில் இரண்டுதான் உள்ளே விழுந்தது. இரண்டு அங்குலக் குழல், நீண்ட கனமான விசை. அதே நாளில் வாடகைக்கு எடுத்த நடுத்தர பிஸ்டலில் ஐந்துக்கு ஐந்து போட்டார். அவரே ரிவால்வரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். ரேஞ்சில் எல்லா மாடலும் வாடகைக்குக் கிடைக்கும். யார் சொல்வதையும் கேட்டு வாங்காதீர்கள், என்னுடையதையும் சேர்த்துத்தான். நான்கைந்து துப்பாக்கியை எடுத்து உங்கள் ஆலயத்தின் தூரத்தில் சுட்டுப் பாருங்கள். உங்கள் கை சொல்லிவிடும்.

குழுவில் இரண்டு சகோதரிகளும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் கைவிரல் குட்டை, ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கச் சிரமம். கடையில் அவரிடம் கொஞ்சமும் யோசிக்காமல் சின்னத் துப்பாக்கியை நீட்டினார்கள். சின்னத் துப்பாக்கியில் ஸ்பிரிங் பெரும்பாலும் கடினமாக இருக்கும், உதையும் அதிகம். பெண்களுக்கு அதை நீட்டும் பழக்கம் ஒழிய வேண்டும். ஸ்லைடு எளிதாக இழுபடும்படியே செய்த ஷீல்டு இ.இசட். போன்றவை இருக்கின்றன. அவர் அதை எடுத்தார். இன்று குழுவில் நிதானமாகவும் நேராகவும் சுடுபவர் அவர்தான். பெண்களால் முடியும் என்பதற்குச் சாட்சியும் உண்டு: 2007-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நியூ லைஃப் சபைக்குள் துப்பாக்கியோடு வந்தவனை நேருக்கு நேர் நடந்துபோய்ச் சுட்டு வீழ்த்தியவர் ஜீன் அஸாம் என்ற தன்னார்வப் பெண். முன்னாள் போலீஸ்காரர்.

தோட்டா அளவைப் பற்றி நீண்ட சண்டை நடக்கும். 9 மில்லிமீட்டர் வாங்கிவிட்டு அந்தச் சண்டையிலிருந்து விலகிவிடுங்கள். வில்சன் வைத்திருந்தது .357 சிக், அவர் கைக்கு அது சரி. 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு பெரிய தோட்டாக்களுக்குப் போன எஃப்.பி.ஐ., 2014-ல் 9-க்கே திரும்புவதற்கான காரணங்களை எழுதி வைத்தது: உதை குறைவு, வேகமாகச் சுடலாம், அதிகம் கொள்ளும், நல்ல தோட்டா போட்டால் விளைவில் வித்தியாசமில்லை. அந்த நல்ல தோட்டா என்பதில்தான் கவனம் வேண்டும். பயிற்சிக்கு வாங்கும் முழு உலோக உறைத் தோட்டா மனித உடலைத் துளைத்து வெளியேறி இன்னொருவருக்குள் போகக்கூடியது. ஆலயத்தில் முனையில் குழி கொண்ட ஹாலோ பாயிண்ட்தான் போட வேண்டும். அது உள்ளே விரிந்து வேகம் இழக்கும். சோதனை ஜெல்லில் 12 முதல் 18 அங்குலம் வரை இறங்கி நிற்பதே எஃப்.பி.ஐ. வைத்த அளவுகோல். விலை அதிகம்தான். உங்கள் துப்பாக்கியில் அது சிக்காமல் ஓடுகிறதா என்று குறைந்தது நூறு தோட்டாவாவது சுட்டுப் பார்த்த பிறகே ஆலயத்துக்கு எடுத்து வாருங்கள்.

குறிபார்க்கும் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் வேண்டுமா என்று தம்பி கேட்டார். ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்கு வேண்டும் என்பேன். வெள்ளெழுத்து வந்த பிறகு எனக்கு முன்குறி மங்கிவிட்டது. குறியைப் பார்த்தால் ஆள் தெரியவில்லை, ஆளைப் பார்த்தால் குறி தெரியவில்லை. ரெட் டாட்டில் கண் ஆளின் மீதே இருக்கும். அவன் கையில் இருப்பது துப்பாக்கியா, செல்போனா, ஊன்றுகோலா என்பது தெரியும். சபையில் அதுதான் முதலில் தெரிய வேண்டியது. ஆனால் வாங்கிய அன்றே அது பலன் தராது. துப்பாக்கியை உருவியதும் புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தால் அந்த நொடிகள் போய்விடும். காலித் துப்பாக்கியோடு வீட்டில் தினம் பத்து நிமிடம் என்று மூன்று மாதம் பழகினேன். பேட்டரி மாற்றும் தேதியைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்.

இனி உறை. துப்பாக்கிக்கு ஆயிரம் கேள்வி கேட்பவர்கள் ஹோல்ஸ்டருக்குக் கடைசியில் மிஞ்சிய சில்லறையைக் கொடுக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் எங்களோடு இருந்த ஒருவர் மலிவான துணி உறையில் பிஸ்டலைச் செருகி வந்திருந்தார். மண்டியிட்டு ஜெபம் முடித்து எழுந்தபோது அது நழுவித் தரையில் விழுந்தது. வெடிக்கவில்லை, கர்த்தர் காத்தார். ஆனால் மூன்றடி தள்ளி ஒரு தாய் கைக்குழந்தையோடு இருந்தார். அவருடைய முகம் எனக்கு மறக்காது. அன்று மாலையே விதி எழுதினோம்: விசையை முழுதாக மூடும் கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை, கெட்டியான பெல்ட், தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாத பிடிப்பு. வீட்டில் இடுப்பில் கட்டியபின் துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரக் கூடாது. கழிப்பறையில்கூட.

நம் சபைகளில் இன்னொன்று உண்டு. பிள்ளைகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வார்கள். "மாமா" என்று தொங்குவார்கள். துதிப் பாட்டுக்குக் கையை உயர்த்தினால் சட்டை மேலேறும். பெரியவர்கள் ஸ்தோத்திரம் சொல்லி இடுப்போடு அணைப்பார்கள். ஆகவே எங்கே கட்டுவது என்பதை வீட்டுக் கண்ணாடி முன்னால் மட்டும் தீர்மானிக்க முடியாது. குனிந்து, மண்டியிட்டு, பிள்ளையைத் தூக்கி, கை உயர்த்திப் பார்க்க வேண்டும். நான் வலது இடுப்பில், பெல்ட்டுக்கு உட்புறமாக வைக்கிறேன். பணியில் இருக்கும் ஞாயிறு பிள்ளைகளை இடப்பக்கம்தான் தூக்குவேன்; அவர்களும் அந்தப் பக்கமாகவே வரப் பழகிவிட்டார்கள்.

சட்டம் பற்றித் தமிழர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவை இல்லாமல் நண்பருடையதை ரேஞ்சில் வாங்கிச் சுடுவதும் சிக்கல்தான். கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். விசாவில் இருக்கும் தம்பிகளை நாங்கள் குழுவில் சேர்க்கிறோம், கார் நிறுத்துமிடத்துக்கும் வாசலுக்கும் கேமராவுக்கும் வைக்கிறோம், கையில் துப்பாக்கி கொடுப்பதில்லை. டெக்ஸஸில் 2017 செப்டம்பர் முதல், சம்பளம் வாங்காத, பாதுகாவலர் சீருடை போடாத சபைத் தன்னார்வலர்களுக்குத் தனிப் பாதுகாவலர் உரிமம் தேவையில்லை. 2021 முதல் 21 வயதான, தடையேதும் இல்லாதவர் துப்பாக்கி உரிமமே இல்லாமலும் எடுத்துச் செல்லலாம். அப்படியிருந்தும் எங்கள் குழுவில் உரிமம் எடுத்தவருக்கு மட்டுமே அனுமதி. போதகரும் மூப்பர்களும் கையெழுத்திட்ட பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை 15 கெஜத்தில் பத்துத் தோட்டா, பத்தும் வட்டத்துக்குள். ஒன்று வெளியே போனால் அடுத்த முறை தேறும் வரை துப்பாக்கி வீட்டில். போன வருடம் குழுத் தலைவரே ஒரு தவணை அப்படி வெறுங்கையோடு வாசலில் நின்றார். யாரும் அதைக் குறைவாக நினைக்கவில்லை.

ஏன் இவ்வளவு கறார் என்றால், பயிற்சி பெற்றவர்கள் இருந்தும் அப்பாவிகளுக்கு அடிபடும். 2024 பிப்ரவரி 11, ஹூஸ்டன் லேக்வுட் சபை. ரைஃபிளோடு வந்த பெண்ணைப் பணிநேரம் முடிந்து அங்கே காவலில் இருந்த அதிகாரிகள் சுட்டு வீழ்த்தினார்கள். அந்தத் துப்பாக்கிச் சூட்டில் அவளோடு வந்திருந்த ஏழு வயது மகனுக்குத் தலையில் குண்டு பாய்ந்தது. போலீஸ் வந்த பிறகும் ஆபத்து தீராது. 2021-ல் கொலராடோவின் ஆர்வாடா நகரில், போலீஸ்காரரைக் கொன்றவனைத் துணிந்து சுட்டு வீழ்த்திய ஒரு பொதுமகனை, கையில் துப்பாக்கியோடு பார்த்த போலீஸே சுட்டுக் கொன்றது. ஆள் விழுந்ததும் துப்பாக்கியை உறைக்குள் வைத்துவிட்டு, வெறும் கையை விரித்துக் காட்டிப் பழகுங்கள். சுடுவதைப் போலவே இதையும் ஒத்திகை பார்க்க வேண்டும்.

வைட் செட்டில்மென்ட்டில் நடந்ததில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அந்த ஆள் உள்ளே வந்தபோதே குழுவினர் அவனைக் கவனித்துவிட்டார்கள். விக்கையும் தாடியையும் பார்த்துச் சந்தேகப்பட்டு, ஒரு கேமராவை அவன் மீதே திருப்பி வைக்கச் சொன்னார்கள். வில்சனின் கை தயாராக இருந்ததற்குக் காரணம் அந்தக் கவனிப்பு. எங்கள் குழுவின் வேலையில் பெரும்பகுதி இதுதான்: வாசலில் நின்று வருகிறவர்கள் முகத்தைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்வது, புதிதாக வந்தவரோடு இரண்டு நிமிடம் பேசுவது, ஞாயிறு பள்ளி வாசலை ஆளில்லாமல் விடாமல் இருப்பது. மூன்று வருடத்தில் எங்களில் யாரும் ஒரு முறைகூடத் துப்பாக்கியை உருவியதில்லை. ஆனால் ரத்தத்தை நிறுத்தும் டூர்னிக்கே பட்டையை ஒரு முறை பயன்படுத்தியிருக்கிறோம். சமையல்கட்டில் கண்ணாடிப் பாத்திரம் உடைந்து ஒரு அக்காவின் முன்னங்கையில் ஆழமாக வெட்டிவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை தாங்கியது அந்தப் பட்டைதான். 'ஸ்டாப் த ப்ளீட்' பயிற்சியைப் பல மருத்துவமனைகள் இலவசமாகவே தருகின்றன. துப்பாக்கி வாங்கும் முன் அந்த வகுப்புக்குப் போய்வரச் சொல்லித் தம்பியை அனுப்பினேன்.

அவர் அடுத்த சனிக்கிழமை போகிறார். அதற்கடுத்த வாரம் ரேஞ்ச். காணிக்கைக் கவர் அவர் பைபிளுக்குள் இருக்கிறது.

உங்கள் சபையில் குழு தொடங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்குப் போகும் முன் இந்த ஞாயிறு ஆலயத்தை அளந்துவிடுங்கள். நீங்கள் நிற்கப்போகும் இடத்திலிருந்து பீடம் வரை எத்தனை கெஜம் என்று பாருங்கள். அந்தத் தூரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, வாடகைத் துப்பாக்கியில் ஐந்து தோட்டா சுடுங்கள். ஐந்தும் தட்டில் விழும் துப்பாக்கியை வாங்குங்கள். எதிலும் விழவில்லை என்றால் வாசலில் நின்று வரவேற்கும் பணியை ஏற்றுக்கொள்ளுங்கள். அங்கேயும் ஆள் தேவைப்படுகிறது.